பியானோவுக்கு பரீட்சை... வீணைக்கு குரு! ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனை மகாராஜா இரண்டு இசையைக் கற்ற கதை

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் குன்னூர், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் எல்லாம் தாண்டி ஊட்டிக்குள் நுழையும் முன், கடைசியாக ஒரு சின்ன ஸ்டேஷன் பெயர் கண்ணில் படும். ஃபெர்ன்ஹில். அந்தப் பெயரிலேயே பக்கத்தில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. இன்றைக்கு அது ஹெரிடேஜ் ஹோட்டல். ஒரு காலத்தில் மைசூர் உடையார்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்து தங்கிய கோடை மாளிகை.

அந்த மாளிகைக்குச் சொந்தக்காரராக இருந்த கடைசி மகாராஜா, லண்டன் இசைப் பள்ளியின் பியானோ டிப்ளமோ வாங்கியவர். அதே மகாராஜா 94 கர்நாடக சங்கீத கிருதிகள் எழுதியவர். போதாக்குறைக்கு நம்ம மெட்ராஸ் மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தவர். பெயர் ஜெயசாமராஜேந்திர உடையார்.

குழந்தையை கீபோர்டு கிளாஸில் சேர்க்கலாமா, பாட்டு கிளாஸில் சேர்க்கலாமா என்ற விவாதம் இன்றைக்கும் பல வீடுகளில் ஓடுகிறது. கீபோர்டுக்கு கிரேடு பரீட்சை உண்டு, சர்டிபிகேட் உண்டு. பாட்டு டீச்சரோ, இந்த வர்ணம் இன்னும் படியவில்லை என்று ஆறு மாதமாக அதையே பாடச் சொல்லுவார். எது சரி? இந்த இரண்டு வழியிலும் முழுசாக நடந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. உடையார் அதில் ஒருவர்.

யார் இந்த உடையார்?

1919-ம் ஆண்டு ஜூலை 18-ம் தேதி மைசூரில் பிறந்தார். அப்பா யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார். ஆட்சியில் இருந்தவர் பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். பெரியப்பாவுக்கு வாரிசு இல்லாததால் அடுத்து தம்பி, அதற்கடுத்து தம்பி மகன் என்பதுதான் கணக்கு. அதாவது, இந்தப் பையன் சிம்மாசனத்தில் உட்கார இன்னும் பல வருடம் ஆகும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்புதான் அவருக்கு பியானோ முன்னால் உட்கார நேரம் கொடுத்தது.

பெரியப்பாவே சாதாரண ரசிகர் இல்லை. வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாகஸ்வரம், பியானோ, சாக்ஸபோன் என்று வாத்தியங்களின் பட்டியலே நீளம். அவருடைய அரண்மனையில் மேற்கத்திய பேண்டும் இருந்தது, கர்நாடக ஆர்கெஸ்ட்ராவும் இருந்தது. வீணை சேஷண்ணா மாதிரி பெரிய வித்வானே அங்கே பியானோவும் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தார். நம்ம ஊர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் ஆஸ்தான வித்வானாகி, சாமுண்டீஸ்வரி மீது 108 கிருதிகள் பாடியதும் இந்த மன்னர் காலத்தில்தான்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையனுக்கு இசை ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் முதலில் ஒட்டியது கர்நாடக இசை இல்லை.

கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பியானோ

மைசூரில் குட் ஷெப்பர்டு கான்வென்ட்டைச் சேர்ந்த சிஸ்டர் இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரிதான் அரண்மனைப் பிள்ளைகளுக்கு பியானோ ஆசிரியை. உடையாரின் தங்கை விஜயா தேவியும் அவரிடம் கற்றவர்.

மேற்கத்திய முறையில் கற்பது எப்படி நடக்கும்? முதல் நாளே முன்னால் ஒரு தாள் இருக்கும். ஐந்து கோடு, அதன் மேல் புள்ளிகள். எந்தப் புள்ளி எந்தக் கட்டை, எத்தனை நேரம் அழுத்த வேண்டும், மெதுவாகவா சத்தமாகவா என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும். கை எப்படி இருக்க வேண்டும், எந்த விரல் எங்கே வர வேண்டும் என்பதை ஆசிரியை திருத்துவார். பிறகு பரீட்சை. ஸ்கேல் வாசிக்கணும், தயார் செய்த பாடங்கள் வாசிக்கணும், இதுவரை பார்க்காத ஒரு தாளைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே பார்த்து வாசிக்கணும். மார்க் போடுவது சொல்லிக்கொடுத்தவர் இல்லை, வெளியிலிருந்து வரும் பரீட்சகர்.

ஆசிரியரின் கோபமோ பாசமோ மார்க்கைத் தொடாது. அது இந்த முறையின் பெரிய பலம். லண்டனில் இருப்பவருக்கும் மைசூரில் இருப்பவருக்கும் ஒரே அளவுகோல். உடையார் இந்த ஏணியில் கடைசிப் படி வரை ஏறினார். லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் டிப்ளமோ அவருக்குக் கிடைத்தது. அது கிரேடு பரீட்சைகளை எல்லாம் தாண்டி வரும் தகுதி. 1945-ல் டிரினிட்டி இசைக் கல்லூரி அவரை கௌரவ ஃபெல்லோ ஆக்கியது. முதலாவது உழைத்து வாங்கியது, இரண்டாவது மரியாதைக்குக் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள், வித்தியாசம் இருக்கிறது.

படிப்பிலும் கெட்டி. 1938-ல் மைசூர் மகாராஜா கல்லூரியில் தங்க மெடல்களோடு பட்டம் வாங்கினார். 1939-ல் ஐரோப்பா சுற்றுப்பயணம். மேடையில் வாசிக்கும் கச்சேரி பியானோ கலைஞர் ஆக வேண்டும் என்பதுதான் அந்த இளைஞரின் ஆசை. விளையாட்டு ஆசை இல்லை, அதற்கான தகுதியும் கையில் இருந்தது.

ஊட்டி சீசனில் ஒரு மலை, இரண்டு பாடம்

வெயில் காலத்தில் மைசூர் அரச குடும்பம் பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டிக்கு வரும். ஃபெர்ன்ஹில் மாளிகை 1870-களிலேயே மைசூர் அரசர்கள் கைக்கு வந்துவிட்டது. அதன் பால்ரூம் பிரசித்தம். வெள்ளைக்காரர்களின் வேட்டைக் கோஷ்டி விருந்து, நடனம் எல்லாம் அங்கே நடந்தது. மலை முழுக்கவே அன்று மேற்கத்திய இசையின் வாடைதான். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சில் ஆராதனைப் பாட்டு, லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் பேண்டு, பங்களாக்களில் பியானோ. எல்லாம் தாளைப் பார்த்து வாசிக்கும் இசை.

அதே மலையில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் இன்னொரு விதமாக இசை கற்றுக்கொண்டிருந்தார்கள். கொள் என்ற குழல், தப்பட்டை, பறை. தாள் கிடையாது, பரீட்சை கிடையாது. பெரியவர்கள் சாவுக்கும் சாமிக்கும் வாசிக்கும்போது பையன்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள். படுகர்களின் சடங்குகளுக்கும் தோடர்களின் சடங்குகளுக்கும் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் இவர்கள். சங்கீத வரலாறு எழுதுகிறவர்கள் பால்ரூமைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதுவதில்லை.

எழுத்தை நம்பும் கல்வி, காதை நம்பும் கல்வி. சில மைல் தூரத்துக்குள் இரண்டும். உடையாரின் வாழ்க்கையிலும் இதே இரண்டும் அடுத்தடுத்து வந்தன.

1940: எல்லாம் மாறிய வருடம்

1940 மார்ச்சில் அப்பா காலமானார். அதே வருடம் ஆகஸ்ட் 3-ம் தேதி பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஐந்தே மாதத்தில் இரண்டு சாவு. செப்டம்பர் 8-ம் தேதி, 21 வயசில், ஜெயசாமராஜேந்திரர் மைசூர் மகாராஜா.

கச்சேரி பியானோ கலைஞர் என்ற கனவு அங்கேயே முடிந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் சாதகம் செய்யாமல் அந்த மேடைக்குப் போக முடியாது. உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. ராஜ்யத்தை விட்டுவிட்டு சாதகம் பண்ணுகிறேன் என்று எந்த மகாராஜா சொல்ல முடியும்?

தங்கை விஜயா தேவி விட்டுவிடவில்லை. அரண்மனையில் வீணையும் கற்றார், பியானோவையும் தொடர்ந்தார். பிற்பாடு கணவரின் வேலைக்காக நியூயார்க் போனபோது ஜூலியார்டு இசைப் பள்ளியில் எட்வர்ட் ஸ்டாயர்மேனிடம் படித்தார். 1974-ல் பெங்களூரில் இன்டர்நேஷனல் மியூசிக் அண்ட் ஆர்ட்ஸ் சொசைட்டியைத் தொடங்கியவரும் அவரே. அண்ணனுக்குக் கிடைக்காமல் போன பாதையில் தங்கை கொஞ்ச தூரம் நடந்தார்.

திருவையாற்றில் இருந்து வந்த பாடம்

ராஜாவான பிறகுதான் உடையார் கர்நாடக இசைப் பக்கம் தீவிரமாகத் திரும்பினார். தினமும் கண் முன்னால் அத்தனை பெரிய வித்வான்கள். ஏழு தந்தி வயலின் புகழ் டி.சௌடையா, டைகர் வரதாச்சாரியார் என்று அந்த சபை நிறைந்திருந்தது. மேற்கத்திய இசையில் டிப்ளமோ வாங்கியவர், இங்கே திரும்பவும் மாணவராக உட்கார்ந்தார்.

வீணைக்கு குரு வேங்கடகிரியப்பா. வீணை சேஷண்ணாவின் சிஷ்யர், அரண்மனை ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தியவர். சங்கீதத்துக்கு குரு மைசூர் வாசுதேவாச்சாரியார். 1865-ல் பிறந்தவர். சிஷ்யரைவிட 54 வயது மூத்தவர்.

வாசுதேவாச்சாரியாரின் கதையில் நம்ம காவிரிக்கரையும் இருக்கிறது. உடையாரின் தாத்தா சாமராஜேந்திர உடையார்தான் உதவித்தொகை கொடுத்து அவரைத் திருவையாறுக்கு அனுப்பினார். அங்கே பட்டணம் சுப்ரமணிய ஐயர் வீட்டில் குருகுலவாசம். பட்டணம் ஐயரோ மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யரின் சிஷ்யர். அவர் தியாகராஜரிடம் நேரடியாகக் கற்றவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். தியாகராஜரில் இருந்து மைசூர் மகாராஜா வரை நாலே கைமாற்றம். நடுவில் கடத்தியதெல்லாம் வாயும் காதும்தான்.

குருகுலம் என்றால் என்ன என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சினிமாவில் பார்த்த விஷயம். பாடத்திட்டம் என்று ஒன்று உண்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு கிருதி. ஆனால் எப்போது அடுத்ததுக்குப் போகலாம் என்பதை காலண்டர் சொல்லாது, குரு சொல்லுவார். சிஷ்யன் தண்ணீர் சுமப்பான், கடைக்குப் போவான், இரவு குருவின் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுவான். பாடம் நடக்கும் நேரத்தைவிட, குரு தனக்குத்தானே பாடிக்கொள்ளும் நேரத்தில் காதில் விழுவதுதான் பெரிய பாடம்.

இதில் குறை இல்லையா? நிறையவே உண்டு. குருவுக்கு மனசு வந்தால்தான் பாடம். யாரை வீட்டுக்குள் சேர்ப்பது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பதில் சாதிக்கு இருந்த பங்கை மறைக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கியதும், 1931-ல் மெட்ராஸ் மியூசிக் அகாடமி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்ததும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தன. வகுப்பு, அட்டவணை, பரீட்சை என்ற மேற்கத்திய ஏற்பாடு நம்ம இசைக்குள் வந்தது இப்படித்தான்.

மைசூர் அரண்மனையில் நடந்ததோ தலைகீழ் குருகுலம். இங்கே சிஷ்யன் குரு வீட்டுக்குப் போய் தண்ணீர் சுமக்கவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டு குருதான் அரண்மனைக்கு வந்தார், சம்பளம் வாங்கினார். ஆனால் பாடம் மட்டும் அதே பாடம். வாயால் பாடிக் காட்ட, காதால் வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் மகாராஜாவுக்குத் தனி வழி எதுவும் கிடையாது.

பியானோவில் தோடி வருமா?

உடையார் மாதிரி ஒருவருக்கு இந்த இரண்டு கல்வியும் எங்கே முட்டிக்கொண்டிருக்கும் என்று புரிய, ஒரு சின்ன உதாரணம்.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள்தான், மொத்தம் 24. கணக்கு ஒன்று. ஆனால் பியானோ கட்டையை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் தந்தியைத் தட்டும், அதோடு சரி. தட்டின பிறகு அந்த ஒலியை மேலே கீழே நகர்த்த வழியே இல்லை. வீணையில் மெட்டின் மேல் தந்தியை அழுத்தி அப்படியே பக்கவாட்டில் இழுக்கலாம். இழுக்க இழுக்க ஸ்வரம் ஏறும். ஒரே மெட்டில் இருந்தபடியே மூன்று நாலு ஸ்வரம் தள்ளிக்கூடப் போகலாம்.

தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் தோடி. தாளில் எழுதினால் வெறும் க என்று ஓர் எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்து பியானோவில் அழுத்தினால் வருவது தோடி இல்லை, தோடியின் எலும்புக்கூடு. எவ்வளவு ஆட்ட வேண்டும், எங்கே ஆரம்பித்து எங்கே விட வேண்டும் என்பதை எழுத்தில் பிடிப்பது மகா கஷ்டம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நூறு தடவை பாடிக் காட்டினால்தான் உண்டு.

அதற்காக எழுத முயற்சி செய்யாமல் விட்டார்களா? இல்லை. மெட்ராஸில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் 1890-களில் நம்ம கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டில் எழுதி அச்சிட்டார். சொத்தையும் கண் பார்வையையும் இதற்கே கொடுத்தவர். அவருடைய தூண்டுதலும் சேர்ந்துதான் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினியை வெளியிட்டார். கமகத்துக்கென்றே தனிக் குறிகள் போட்ட புத்தகம் அது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் இன்றைக்கு இத்தனை கிடைப்பதற்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தக் குறிகளைப் பார்த்து ஒருவர் தானாகவே பாடிவிட முடியுமா? ஏற்கெனவே ராகம் தெரிந்தவருக்கு அது வழிகாட்டி. தெரியாதவருக்கு மலையாளம் தெரியாமல் மலையாளப் பேப்பர் படிக்கிற கதைதான்.

சரி, தாளின் பலம் எங்கே? நீங்கள் முகமே பார்க்காத ஒருவரின் இசை, கடல் தாண்டி உங்கள் வீட்டு பியானோவுக்கு வந்து சேரும். உடையார் வாழ்க்கையில் அதற்குச் சாட்சி ஒரு ரஷ்யர்.

லண்டனில் மறக்கப்பட்ட ரஷ்யரும் மைசூர் பணமும்

நிகோலாய் மெட்னர். 1880-ல் பிறந்த ரஷ்ய இசையமைப்பாளர், பியானோ கலைஞர். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்து கடைசியில் லண்டனில் குடியேறினார். புது பாணி இசை அவருக்குப் பிடிக்காது. பழைய ஆள் என்று உலகமும் அவரை ஒதுக்கிவிட்டது. வயசாகி, உடம்பும் கெட்டு, வசதியும் இல்லாமல் இருந்த நேரத்தில் எங்கிருந்தோ மைசூரில் இருந்து உதவி வந்தது.

1940-களின் பிற்பகுதியில் உடையார் பணத்தில் மெட்னர் சொசைட்டி உருவானது. நோக்கம் ஒன்றே ஒன்று: மெட்னர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையாலேயே அவருடைய இசையை ரெக்கார்டு செய்வது. மூன்று பியானோ கான்செர்ட்டோ, சொனாட்டாக்கள், பாட்டுகள் பதிவாயின. 1951-ல் மெட்னர் இறந்தார். தன் மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார். இன்றைக்கும் அந்த இசைத் தாளில் மைசூர் பெயர் இருக்கிறது.

1945-ல் வால்டர் லெக் ஆரம்பித்த ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவுக்கும் உடையார் கை கொடுத்தார். ஃபில்ஹார்மோனியா கான்செர்ட் சொசைட்டியின் முதல் தலைவர் அவர். லெக் மைசூருக்கே வந்து, அரண்மனையில் இருந்த இசைத்தட்டுக் குவியலைப் பார்த்து அசந்துபோனவர். 1950 மே 22-ம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் முதல்முறையாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். அந்தக் கச்சேரிக்குப் பணப் பொறுப்பு ஏற்றவர் உடையார். அவரால் லண்டன் போக முடியவில்லை. அதனால் கச்சேரியைத் தட்டில் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பினார்கள். கச்சேரி மேடைக்குப் போக ஆசைப்பட்ட மனிதர், தான் செலவு செய்த கச்சேரியைத் தட்டில் கேட்டார்.

மைசூர் பணம் லண்டனுக்கு ஏன் போகணும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். அரண்மனைப் பணம் கடைசியில் யார் பணம்? ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மெட்னருக்கு அவர் சம்பளம் கொடுத்து சபையில் உட்கார வைக்கவில்லை, ரெக்கார்டு செய்யப் பணம் கொடுத்தார். ஏனென்றால் மெட்னரின் இசை தாளில் ஏற்கெனவே பத்திரமாக இருந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மைசூர் வித்வான்களுக்கு அவர் செய்தது வேறு. அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம். அவர்களின் இசை தாளில் இல்லை, அவர்களுக்குள் இருந்தது. ஆள் இருந்தால்தான் இசை இருக்கும்.

94 கிருதிகள், 94 ராகங்கள்

உடையாருக்கு ஸ்ரீவித்யா உபாசனையில் தீட்சை கொடுத்தவர் சித்தலிங்கசுவாமி. அவர் ஒரு சிற்பியும்கூட. அந்த உபாசனையின் தாக்கத்தில் 1940-களில் உடையார் கிருதிகள் எழுத ஆரம்பித்தார். எல்லாமே சமஸ்கிருதம். மொத்தம் 94. ஒவ்வொன்றும் வேறு வேறு ராகம். அதில் சில ராகங்களில் அதற்கு முன் யாரும் கிருதி செய்ததில்லை. பாட்டின் உள்ளே தன் பெயரைப் போடாமல் ஸ்ரீவித்யா என்ற முத்திரையை வைத்தார். மகாராஜா என்ற அடையாளமே பாட்டில் தெரியாது.

இங்கேதான் சுவாரஸ்யம். பியானோவில் இவ்வளவு தேர்ந்த ஒருவர் கிருதி எழுதினால், மேற்கத்திய மெட்டு எங்காவது எட்டிப் பார்க்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படிச் செய்வது தப்பும் இல்லை. முத்துசாமி தீட்சிதரே கோட்டைக் கொத்தளத்து பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டு ஸ்வரங்கள் செய்தவர்தானே! ஆனால் உடையாரின் கிருதிகள் அந்தப் பக்கம் போகவில்லை. அடாணாவில் வரும் ஸ்ரீ மகாகணபதிம், கம்பீர நாட்டையில் வரும் ஸ்ரீ ஜாலந்தரம், ஹிந்தோளத்தில் வரும் சிந்தயாமி ஜகதம்பாம் எல்லாம் கேட்டுப் பாருங்கள். தீட்சிதர் வழியில் வந்த கனமான கர்நாடக கிருதிகள். எழுதியவர் வீட்டில் ஸ்டெயின்வே பியானோ இருந்திருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது.

காரணம் அவர் கற்ற விதம் என்றே தோன்றுகிறது. பியானோ தெரியும் என்பதற்காக கர்நாடக இசையை அவர் பியானோ வழியாகக் கற்கவில்லை. அதை அதற்குரிய ஆளிடம், அதற்குரிய முறையில், முதல் படியில் இருந்து கற்றார். இரண்டையும் கலந்து ஃப்யூஷன் பண்ணும் ஆசை அவருக்கு வரவில்லை. இன்றைக்கு கீபோர்டில் ஸரிகம பழகிவிட்டு நேராகக் கச்சேரிப் பாட்டுக்குத் தாவும் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஸ்வரம் கை வசம் இருக்கும், ராகம் இருக்காது.

இத்தனையும் நடந்தது அமைதியான காலத்திலும் இல்லை. 1947 ஆகஸ்ட் 9-ம் தேதி மைசூரை இந்தியாவோடு இணைக்கும் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகும் மக்களாட்சி கேட்டு மைசூரில் பெரிய போராட்டம் நடந்தது. கடைசியில் அதிகாரம் மக்கள் அரசிடம் போனது. உடையார் ராஜபிரமுகர் ஆனார், 1956-ல் மைசூர் மாநில கவர்னர் ஆனார்.

மகாராஜா, மெட்ராஸ் கவர்னர் ஆனபோது

1964-ல் அவர் மெட்ராஸ் மாநில கவர்னர். 1966 வரை இருந்தார். கவர்னருக்குக் கோடைக்கால இல்லம் ஊட்டி ராஜ்பவன். அதாவது தாவரவியல் பூங்கா பக்கம் அரசாங்கம் கொடுத்த வீடு ஒன்று, அந்தப் பக்கம் ஃபெர்ன்ஹில்லில் சொந்த மாளிகை ஒன்று. ஒரே ஊரில் இப்படி இரண்டு முகவரி வேறு எந்த கவர்னருக்கும் இருந்திருக்காது. 1965 மொழிப் போராட்டம் தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டபோது ராஜ்பவனில் இருந்தவர் இவர்தான். 1966-ல் சங்கீத நாடக அகாடமி தன் உயரிய ஃபெல்லோஷிப்பை அவருக்குக் கொடுத்தது.

அவருடைய குரு வாசுதேவாச்சாரியார் அதற்கு முன்பே மெட்ராஸ் வந்து சேர்ந்திருந்தார். ராஜ்யம் போன பிறகு, ஏறக்குறைய 90 வயசில், ருக்மிணி தேவி அழைத்து அடையாறு கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். அங்கே ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்துக்கொண்டே இருந்து 1961-ல் காலமானார். அரண்மனையில் இருந்த குரு, கல்லூரி வளாகத்து மரத்தடிக்கு மாறினார். பாடம் சொல்லும் முறை மட்டும் மாறவில்லை.

1971-ல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. 1974 செப்டம்பர் 23-ம் தேதி பெங்களூர் அரண்மனையில் உடையார் இறந்தார். வயசு 55.

மெட்னரின் பதிவுகள் சிடியாக வந்து, இப்போது போனில் தேடினாலே கிடைக்கின்றன. அரண்மனை பேண்டு கர்நாடக போலீஸ் பேண்டாக மாறி இன்னும் வாசிக்கிறது. ஆனால் சம்பளம் கொடுத்து வித்வான்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அந்த சபை கலைந்துபோனது. அவர்களில் யார் யாருக்கு சிஷ்யர்கள் அமைந்தார்களோ அவர்களின் பாணி மட்டும் தொடர்கிறது.

உடையாரின் 94 கிருதிகளுக்கும் அதே நிலைமைதான் வந்திருக்கும். அவர் மேடை ஏறிப் பாடியவர் இல்லை, சிஷ்யர் கூட்டமும் கிடையாது. 2010-ல் அந்தக் கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு புத்தகமாக வந்தன. மெட்டு இப்போது தாளில் இருக்கிறது. அதில் அடாணாவும் கம்பீர நாட்டையும் சென்னை சபாக்களில் அடிக்கடி கேட்கின்றன. அபூர்வ ராகத்தில் இருக்கும் மற்றவை, தாளைப் பார்த்து ராகத்தைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் கிடைப்பதற்காக இன்னும் காத்திருக்கின்றன.